சோதனைக்குக் கழுவிக்கொண்டு போன கை

குடுவையார் கழுவி வைத்த கண்ணாடிக் குடுவை கண்ணுக்கே தெரியாது. அவ்வளவு சுத்தம். அலமாரி காலியாக இருக்கிறது என்று நினைத்து மேலதிகாரி ஒருவர் தன் தொப்பியை அதில் வைக்கப்போக, தொப்பி அந்தரத்தில் நின்றது. அவசரமாகப் பறந்து வந்த ஈ ஒன்று, அங்கே இல்லாத எதிலோ மோதி மயங்கி விழுந்து, அரை மணி கழித்துத்தான் எழுந்தது. சரி, ஈ கொஞ்சம் அதிகப்படிதான். தொப்பியும் அந்தரத்தில் எல்லாம் நிற்கவில்லை. குடுவையின் கழுத்தில் மாட்டிக்கொண்டது. ஆனால் அந்த ஆய்வுக்கூடத்தில் இருபத்தேழு வருஷமாகக் கண்ணாடி கழுவியவர் அவர் ஒருவர்தான் என்பதிலும், அவர் கழுவியதை யாரும் இரண்டாம் முறை கழுவ நேர்ந்ததில்லை என்பதிலும் ஒரு சொட்டுக் கலப்படம் கிடையாது.

கழுவும் அறை கட்டிடத்தின் கடைக்கோடியில் இருந்தது. சன்னல் ஒன்று, தொட்டி மூன்று. முதல் தொட்டியில் சோப்பு நீர், இரண்டாவதில் ஏழு முறை அலசல், மூன்றாவதில் காய்ச்சி வடித்த நீர். கடைசியில் குடுவையை வெளிச்சத்தில் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பார். தண்ணீர் மெல்லிய படலமாக வழுக்கிக்கொண்டு போனால் குடுவைக்கு விடுதலை. எங்கேயாவது ஒரு துளி முத்துப்போல நின்றுவிட்டால் மறுபடியும் முதல் தொட்டி.

"அழுக்கோட எதையும் சோதனைக்கு அனுப்பக்கூடாது. அனுப்பினா சோதனை பொய் சொல்லும்" என்பார். புதிதாக வேலைக்கு வரும் படித்த பிள்ளைகள் முதல் வாரத்திலேயே இதைப் பத்துத் தடவையாவது கேட்டுவிடுவார்கள். குடுவையார் என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான்.

வீட்டில் இந்த மரியாதையெல்லாம் செல்லுபடியாகாது. அவர் மனைவி பேருந்து நிலையத்தில் முப்பது வருஷம் ஒலிபெருக்கியில் அறிவிப்பு சொன்னவள். பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகிறது. வலது கையும் வலது காலும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. நாக்கு அவற்றின் பங்கையும் சேர்த்து வேலை பார்த்தது. காலையில் அவளைக் குளிக்க வைத்து, உடை மாற்றி, சன்னலோர நாற்காலியில் உட்கார வைத்து, தலை சீவிப் பின்னல் போட்டுவிட்டுத்தான் குடுவையார் வேலைக்குப் போவார். மதியம் எதிர்வீட்டுக்காரி வந்து பார்த்துக்கொள்வாள்.

பின்னல் போட அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. முதல் மாதம், அவர் போட்டதைக் கண்ணாடியில் பார்த்து, "இது என்னங்க, குடுவை கழுவுற பிரஷ்ஷா?" என்று கேட்டாள். இரண்டாவது மாதம் கேட்கவில்லை. அவளிடமிருந்து அதுவே பெரிய பாராட்டு.

அரிப்பு அவர் மணிக்கட்டில்தான் தொடங்கியது. வளையல் போட்டதுபோலச் சுற்றிலும் ஒரு சிவப்புக் கோடு. பிறகு விரல் இடுக்குகள், பிறகு புறங்கை. இருபத்தாறு வருஷம் வெறும் கையால் கழுவியவரை, அந்த வருஷம் வந்த புது உத்தரவு தடித்த ரப்பர் கையுறை போடச் சொல்லியிருந்தது. அதே மாதத்தில் சோப்பும் மாறியது. குடுவையார் இரண்டையும் எடைபோட்டுப் பார்த்துத் தீர்ப்பு சொன்னார்: குற்றவாளி சோப்பு. கையுறை பாவம், காப்பாற்றத்தானே வந்தது? ஆகவே ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கையுறை போட்டுக்கொண்டார். நாள் முழுக்கக் கழற்றாமல் இருந்தார். கை இன்னும் மோசமாயிற்று. தோல் காய்ந்த வண்டல்போல வெடித்தது. வெடிப்பில் நீர் கசிந்தது. வீட்டிலும் கையுறை போடத் தொடங்கினார், மனைவிக்குத் தலை சீவும்போதுகூட.

"நான் என்ன குடுவையா? கழட்டுங்க அதை. முடியெல்லாம் ஒட்டிக்கிட்டு இழுக்குது."

"உனக்கு ஒட்டிக்கிச்சுன்னா?"

"முப்பத்தஞ்சு வருஷமா உங்ககிட்டேர்ந்து ஒரு நல்ல பழக்கமே ஒட்டலை. இதுவா ஒட்டப்போகுது?"

அவர் கழற்றவில்லை.

மகள் இரண்டு மணி நேரப் பேருந்துத் தொலைவில் இருந்தாள். சின்னஞ்சிறு பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஆசிரியை. ஒன்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவாள். அந்த ஞாயிறு வந்தவள், அம்மாவின் கழுத்தில் பின்னல் விழும் இடத்தில் நாலைந்து சிவப்புப் பொட்டுகளைப் பார்த்தாள். வெயில் காலத்து வேர்க்குருதான். ஆனால் அவள் கண் அங்கிருந்து நேராக அப்பாவின் கையுறைக்குப் போயிற்று.

"அப்பா, கிளவுஸைக் கழட்டுங்க."

"சோப்பு ஒத்துக்கலைம்மா. வேற ஒண்ணுமில்ல."

"கழட்டுங்கப்பா."

கழற்றினார். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"இது சிரங்குப்பா. விரல் இடுக்கு, மணிக்கட்டு, எல்லாம் அதே மாதிரி. போன வருஷம் எங்க ஸ்கூல்ல இருபத்திரெண்டு பசங்களுக்கு வந்துச்சு. அவங்ககிட்டேர்ந்து எனக்கு. வீட்டுல பாய், தலையணை எல்லாத்தையும் வெந்நீர்ல போட்டேன், ஞாபகம் இருக்கா? அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன்."

"பயணிகளின் கவனத்திற்கு" என்றாள் அம்மா, தன் பழைய ஒலிபெருக்கிக் குரலில். "இந்த வண்டி எங்கயும் புறப்படாது."

"சிரிக்காதம்மா. உனக்கு வந்துச்சுன்னா சொறிஞ்சுக்கக்கூட ஒரு கைதான் இருக்கு."

மனைவி தன் வலது கையைப் பார்த்துக்கொண்டாள். மகள் சொன்னதில் பாசம் இருந்தது, பயம் இருந்தது, பொய் மட்டும் இல்லை. கடைசியில் ஓர் உடன்பாடு. அப்பா தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தொற்றுநோய் இல்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அம்மா இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் மகளோடு போக வேண்டும்.

மருத்துவமனையில் மூன்று வாரம் தள்ளித்தான் நாள் கொடுத்தார்கள். மூன்று வாரமும் சும்மா இருப்பாரா? தெருமுனை மருந்துக்கடைக்காரரிடம் கையைக் காட்டினார். அவர் எட்டிப் பார்க்காமலேயே பொடி எழுத்து அட்டைகளைக் கட்டாக எடுத்து நீட்டினார். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை மாத்திரை. "தினமும் நாலு போடுங்க. கை பளிச்சுனு ஆயிடும்."

ஆயிற்று. நாலாம் நாள் அரிப்பு அடங்கியது. பத்தாம் நாள் கை மழித்த கன்னம்போல வழவழத்தது. குடுவையார் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு எப்படிப்பட்ட நிம்மதி என்றால், தொழிலில் ஊறியவனுக்கு மட்டும் கிடைக்கும் நிம்மதி. வெடித்துக் கசியும் கையை மருத்துவரிடம் நீட்டுவது, பாசி படிந்த குடுவையை ஆய்வாளர் மேசையில் வைப்பதுபோல. அந்த மானக்கேடு இனி இல்லை. கை சுத்தமாகச் சோதனைக்குப் போகிறது.

தோல் மருத்துவர் நிதானமான பெண்மணி. கையைப் பார்த்தார், கதையைக் கேட்டார். "இப்ப ஒண்ணுமே தெரியலையே. ஒவ்வாமையா இருக்கலாம். எதனாலன்னு கண்டுபிடிக்க ஒட்டுச் சோதனை பண்ணிடுவோம்" என்றார். முதுகில் சிறுசிறு கட்டங்களாகப் பல பொருட்களை வைத்து ஒட்டிவிடுவார்கள். இரண்டு நாள் கழித்துப் பிரிப்பார்கள். மேலும் இரண்டு நாள் கழித்துப் பார்ப்பார்கள். எந்தப் பொருள் ஆகாதோ அந்தக் கட்டம் சிவந்து தடித்திருக்கும்.

"மாத்திரை ஏதாவது எடுக்கறீங்களா?"

"இல்லைங்க" என்றார் குடுவையார்.

அது அவர் மனதில் பொய்யாகவே படவில்லை. குடுவையைக் கொடுக்கும்போது எந்தச் சோப்பில் கழுவினோம் என்று சொல்லிக்கொண்டா கொடுக்கிறோம்? முதுகில் ஒட்டு இருந்த நாட்களிலும் காலையில் தவறாமல் நாலு மாத்திரையை விழுங்கினார்.

முதுகு கழுவிய பலகைபோல இருந்தது. ஒரு கட்டமும் சிவக்கவில்லை. 'சோதித்த பொருட்கள் எதற்கும் ஒவ்வாமை இல்லை. தற்போது தோலில் குறை ஏதும் காணவில்லை' என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். குடுவையார் அந்தத் தாளைப் பட்டம் வாங்கியவர்போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து மகளிடம் நீட்டினார்.

மகள் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். "ஒவ்வாமை இல்லைன்னு எழுதியிருக்காங்களேப்பா. அப்ப இவ்வளவு நாளா இருந்தது என்ன?"

அவர் தாளைத் திரும்ப வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த வாரமே கடைசி மாத்திரை அட்டையும் காலியாயிற்று. மருந்துக்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருந்தார். ஆறே நாளில் கை பழைய நிலையைத் தாண்டிப் போய்விட்டது. அடுத்த ஞாயிறு மகள் வாடகைக் காரோடு வந்தாள். சண்டை நடக்கவில்லை; அதுதான் கொடுமை. அவர் மனைவியைத் தூக்கக் குனிந்தபோது மகள் மெதுவாக, "வேணாம்ப்பா, நானும் டிரைவரும் பாத்துக்கறோம்" என்றாள். அவர் ஒதுங்கி நின்றார். சீப்பை ஒரு துணியில் சுற்றி, கைபடாமல் அவள் பையில் போட்டார். காருக்குள்ளிருந்து மனைவி ஒரு அறிவிப்பும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, குடுவையாரின் குடுவையில் ஒரு துளி நின்றது.

பார்த்தவர் உறைபெட்டி மேடம். ஆய்வாளர். எப்போது தேடினாலும் தலை, மாதிரிகளை உறைய வைக்கும் பெட்டிக்குள்ளும் மற்றதெல்லாம் வெளியிலுமாக நிற்பார் என்பதால் அந்தப் பெயர். குடுவையை எடுத்துக்கொண்டு கழுவும் அறைக்கே வந்துவிட்டார்.

"அண்ணா, உலகம் ஏதாவது அழியப்போகுதா? உங்க குடுவையில அழுக்கு."

குடுவையார் கையுறையைக் கழற்றிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். கழற்றிய கையுறையின் உட்புறம் ரத்தக்கறை. மேடம் அதைப் பார்த்தார், பிறகு கையைப் பார்த்தார், பிறகு அங்கிருந்த ஒற்றை முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"பதினோரு வருஷமா நான் தோல் அரிப்பைத்தான் ஆராய்ச்சி பண்றேன். என் குடுவையைக் கழுவற கையை ஒரு நாள் பாத்ததில்ல."

குடுவையார் எல்லாவற்றையும் கொட்டினார். கோடு, கையுறை, மகள், மாத்திரை, முதுகு, சீப்பு. மாத்திரை என்றதும் மேடம் நிமிர்ந்தார். மறுபடி வாங்க அடையாளத்துக்கென்று பையில் வைத்திருந்த காலி அட்டையைக் குடுவையார் நீட்ட, பெயரைப் படித்தார்.

"இதைப் போட்டுக்கிட்டா சோதனைக்குப் போனீங்க?"

"அழுக்கோட போகக்கூடாதேன்னு..."

மேடம் சிரிக்கவா அழவா என்று தெரியாமல் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "கேளுங்க. உங்க தோல்ல காவலுக்கு செல்கள் இருக்கு. ஆகாத பொருள் உள்ள வந்தா, பக்கத்துல இருக்கறவங்களுக்குச் சொல்லணும். ஆனா செல்லுக்கு ஏது வாய்? ஒரு மூலக்கூறை வெளிய விடும். அதுதான் அதோட பேச்சு. சைட்டோகைன்னு சொல்வோம். அடுத்த செல் அதைப் பிடிச்சா, சேதி போய்ச் சேர்ந்துச்சுன்னு அர்த்தம். உடனே அது இன்னும் நாலு பேரைக் கூப்பிடும். இப்படியே கூட்டம் சேரும். சிவக்கும், வீங்கும், நீர் கோக்கும்."

"நீங்க டப்பாவுல எழுதி ஒட்டுவீங்களே, ஐ.எல். நாலு, ஐ.எல். பதிமூணுன்னு. அதுவா?"

"அதேதான். இன்டர்லூக்கின். அந்தச் சேதிகள்ல ஒரு வகை. நாலும் பதிமூணும் அதிகமானா தோலோட சுவர் பலவீனமாயிடும். முப்பத்தொண்ணுன்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அது நேரா நரம்புகிட்டப் போய் 'சொறி'ன்னு உத்தரவு போடும்."

"முப்பத்தொண்ணா? அதை நான் எத்தனை தடவை கழுவிக் கொட்டியிருக்கேன்!"

"குடுவையில இருந்தது போச்சு. உங்க கையில இருக்கறது அங்கேயே உற்பத்தி ஆகுதே, அதை எப்படிக் கொட்டுவீங்க?"

குடுவையார் தன் கையைப் புதியதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அப்ப அந்த மாத்திரை?"

"ஸ்டீராய்டு. எல்லாரோட பேச்சையும் ஒரேயடியா அமுக்கிடும். அதான் கை பளிச்சுனு ஆச்சு. முதுகுல ஒட்டினாங்களே, அது ஒவ்வொண்ணும் ஒரு கேள்வி. 'இது உனக்கு ஆகுமா? இது ஆகுமா?' பதில் சொல்ல வேண்டிய செல்லெல்லாம் பேச முடியாம கிடந்துச்சு. ஒருத்தரும் எதுவும் சொல்லலைன்னதும், எதுவும் இல்லைன்னு டாக்டர் எழுதிட்டாங்க. அவங்க மேல தப்பில்ல. கேட்டாங்கல்ல?"

"கேட்டாங்க."

"அண்ணா, நம்ம சோதனைக்குக் குடுவை சுத்தமா இருக்கணும். அவங்க சோதனைக்கு அந்த அழுக்குதான் சாட்சி. சாட்சியைக் கழுவிட்டுப் போயிருக்கீங்க."

இருபத்தேழு வருஷம் மற்றவர்களுக்குச் சொன்ன பாடம் குடுவையாரின் தலையிலேயே வந்து விழுந்தது. கையுறை மீதுதான் தனக்குச் சந்தேகம் என்று மேடம் சொன்னதை அவரால் முதலில் நம்பவே முடியவில்லை. "காப்பாத்த வந்ததும்மா அது" என்று அதற்காக வாதாடினார். ஆனால் மணிக்கட்டில் அந்தக் கோடு, கையுறையின் விளிம்பு முடியும் இடத்தில் அளவெடுத்ததுபோல நின்றது.

மேடமே மருத்துவரிடம் பேசினார். மருத்துவர் குடுவையாரைத் தொலைபேசியில் ஒரு வாங்கு வாங்கிவிட்டு, நாலு வாரம் ஒரு மாத்திரையும் கூடாது என்றார். பூசிக்கொள்ள ஒரு களிம்பின் பெயரை மட்டும் சொன்னார்.

நாலு வாரம். அதை எழுத ஒரு வரி போதும். இருந்து பார்த்தவருக்குத்தான் தெரியும். கையுறை இல்லாததால் வெடிப்பு கொஞ்சம் அடங்கியதே தவிர, அரிப்பு பிடித்த பிடியை விடவில்லை. ஒரு கையை இன்னொரு கை பறிக்காமலிருக்க, உட்காரும்போது இரண்டையும் தொடைக்கடியில் போட்டு உட்கார்ந்தார். பழைய மாத்திரை ஒன்று சட்டைப் பையின் தையலுக்குள் சிக்கிக் கிடந்ததை ஒருநாள் கண்டார். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒரு காப்பி ஆறிப்போகும் நேரம் நின்றார். பிறகு முதல் தொட்டியில் போட்டார்.

வாரம் இரண்டு முறை மனைவி மகள் வீட்டிலிருந்து பேசினாள்.

"அடுத்த வண்டி எப்பன்னு பயணி கேக்கறா."

"இன்னும் மூணு வாரம்."

"தாமதத்துக்கு வருந்துகிறோம்னு சொல்லணும். அது தெரியாதா?"

அவர் சொன்னார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

மறுபடி முதுகில் ஒட்டினார்கள். திங்கள் ஒட்டி, புதன் பிரித்து, வெள்ளி பார்த்தார்கள். அந்த ஐந்து நாளும் முதுகில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. வாழ்நாளெல்லாம் கழுவியே பிழைத்தவருக்கு அது தனித் தண்டனை. செவ்வாய் மதியமே முதுகில் ஓர் இடம் தகித்தது. வழக்கமாக அரிப்பு வந்தால் பல்லைக் கடிப்பவர், அன்றைக்கு, 'பேசு, பேசு, நல்லா சத்தமாப் பேசு' என்று அதனிடம் கெஞ்சினார்.

வெள்ளிக்கிழமை ஒரு கட்டம் மட்டும் தக்காளித் தோல்போலச் சிவந்து தடித்திருந்தது. ரப்பரை இறுக்குவதற்காகச் சேர்க்கும் ரசாயனம். மருத்துவர் கண்ணாடி வைத்துக் காட்டினார். ஒருவர் தன் முதுகைப் பார்த்து இவ்வளவு மகிழ்ந்ததை அந்தத் துறை கண்டதில்லை.

"மகிழ்ச்சி அப்புறம்" என்றார் மருத்துவர். "இது சிரங்கு இல்ல, யாருக்கும் ஒட்டாது. எழுதித் தரேன். ஆனா உங்க செல்கள் இதைப் படிச்சு மனப்பாடம் பண்ணிடுச்சு. பத்து வருஷம் கழிச்சு ரப்பர் பட்டாலும் ஞாபகம் வச்சிருந்து ஆளைக் கூப்பிடும். இனி அந்த ரசாயனம் சேர்க்காத கையுறைதான். உள்ளே பருத்தி."

"மறக்கவே மறக்காதா?"

"மறக்கறதுக்கு மருந்து இன்னும் வரல."

ஞாயிற்றுக்கிழமை குடுவையார் அந்தக் கடிதத்தோடு மகள் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த மகள் கடிதத்தைப் படித்தாள். படித்து முடிக்குமுன் கண் கலங்கிவிட்டது. "அப்பா" என்று அவர் இரண்டு கையையும் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். உள்ளே சன்னலோரம் மனைவி, தலைவாராமல், காத்திருந்தாள். அவர் அவள் பையிலிருந்த துணியைப் பிரித்துச் சீப்பை எடுத்தார். கையுறை இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் கையால் சிக்கெடுத்து, சீவி, மூன்றாகப் பிரித்து, வகிடு பிசகாமல் பின்னினார். "பயணிகளின் கவனத்திற்கு" என்று அவள் கணீரென்று அறிவித்தாள். மாலைப் பேருந்தில் இருவரும் வீடு திரும்பினார்கள்.

இதுவரை நான் எழுதி வாசித்ததைக் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த குடுவையாரின் மனைவி, இந்த இடத்தில் இடது கையைத் தூக்கினாள்.

"கதையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஈயைக்கூட விட்டுடலாம். ஆனா அன்னிக்கு அவர் சீவலை. சீப்பை எடுத்தார், வெடிப்பு ஆறியிருக்கல, பிடிக்க முடியல. பொண்ணுதான் வாங்கிச் சீவிவிட்டா. இவர் ரப்பர் பேண்டைக்கூடத் தொடக்கூடாதேன்னு தள்ளி நின்னு பாத்தார். மாலை வண்டியில இவர் மட்டும்தான் ஏறினார். நான் வந்தது அதுக்கப்புறம் அஞ்சு வாரம் கழிச்சு, கை முழுசா ஆறினதும். கடிதத்தை அவ நம்பினா. நம்பலைன்னு சொல்ல மாட்டேன். ஆனா இப்பவும் ஞாயித்துக்கிழமை வந்தா, கிளம்பறதுக்கு முன்னாடி கையைக் கழுவிட்டுத்தான் போறா. குழாய்ச் சத்தம் கேக்கக்கூடாதுன்னு மெதுவாத் திறப்பா. இவர் அப்ப சன்னல் பக்கம் திரும்பிக்குவார். அதையும் எழுதிக்கோங்க."